பேச்சிராஜ் போட்ட குழாய்

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ‘கம்ப்யூட்டர்’ என்பதையே பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொண்டு திரிகிறவன் பேச்சிராஜ் ஒருத்தன்தான். பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அவன் குடியிருக்கும் விசைத்தறித் தெரு. கேஸ் மானியம் வரவில்லையா, கூப்பிடு கம்ப்யூட்டரை. ஆதாரில் பொம்பளை என்று விழுந்துவிட்டதா, கூப்பிடு கம்ப்யூட்டரை. மிக்சி ஓடவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் வெட்கமில்லாமல் போவான். மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்து, மூக்கைச் சொறிந்து, “இதுல போர்டு போயிருக்கும்க்கா” என்பான். மிக்சியில் போர்டு உண்டா என்று அவனுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் திருப்தி.

அவனுடைய உண்மையான உத்தியோகம் சென்னையில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில். எங்கேயோ ஒரு குடோனில் பில் அடிக்கவில்லை என்று புகார் வரும். இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சொந்தக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பெனிக் குரலை எடுத்து மாட்டிக்கொள்வான். “வணக்கம் சார், உங்க சிரமத்துக்கு வருந்துகிறோம். சிஸ்டத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ண முடியுமா சார்?” பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்குத் தள்ளிவிடுவான். இதற்குத்தான் எஞ்சினியரிங் படித்தான்.

இந்த வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்குவதற்குள் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. மனைவி இசக்கிச்செல்வி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணமான புதிதில் அவளுக்குத் தர்மபுரிப் பக்கம் போஸ்டிங், இவனுக்குச் சென்னை. குடும்பம் நடத்தியது முக்கால்வாசி ரயில்வே பிளாட்பாரத்தில். டிரான்ஸ்பர் கவுன்சிலிங் கவுன்சிலிங்காக ஏறி இறங்கி, ஒருவழியாக அவளுக்கு சங்கரன்கோவில் கிடைத்தது. இவனும் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே குழம்பை இரண்டு பேரும் சாப்பிடுவது என்கிற அதிசயம் அதற்கப்புறம்தான் நடந்தது.

அந்தக் குழம்பில் மண்ணைப் போட ஒரு வெள்ளிக்கிழமை மெயில் வந்தது.

மெயிலுக்குப் பின்னாலேயே மேனேஜர் அருண்குமார் வீடியோ காலில் வந்தார். அவர் பேச ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே ஊசி போடுகிற டாக்டர் மாதிரி இருக்கும். “கைஸ், ரொம்ப சிம்பிள். பழைய வி.பி.என். போகுது, புதுசு வருது. பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது, கமாண்ட் லைன் மட்டும்தான். ஒரே ஒரு கமாண்ட். மண்டே மார்னிங் எல்லாரும் கனெக்ட் ஆகிடணும். ஆகலைன்னா அதுவும் சிம்பிள் கைஸ், லேப்டாப்போட ஆபீஸ் வந்துடுங்க. இங்கேயே உக்காந்து வேலை பாக்கலாம். நம்ம எல்லாம் ஒரு ஃபேமிலி.”

வி.பி.என். என்பது வேறொன்றுமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கம்பெனிக்கும் நடுவில், வெளியாள் யாரும் எட்டிப் பார்க்காதபடி இணையத்துக்குள்ளேயே போடுகிற மூடு குழாய். பழைய குழாயில் ஒரு பச்சைப் பட்டன் இருந்தது. அமுக்கினால் போதும், திரையில் பூட்டுப் படம் சிரிக்கும். புதிதில் கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டுகிற ஒரு கோடு. மற்றதெல்லாம் விசைப்பலகையில் அடித்துத்தான் கேட்க வேண்டும். பட்டனை அமுக்கியே பட்டம் வாங்கிய பேச்சிராஜுக்கு அது ஆகாத காரியம்.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இசக்கிச்செல்வியிடம், “சும்மா ஒரு சின்ன செட்டிங்கு” என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வார்டில் ‘எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்’ என்று சொல்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறவள். ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, அவன் சென்னைக்குப் போகவர வைத்திருந்த நீலப் பையை இறக்கித் தூசி தட்டி, அவன் மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“இது எதுக்குட்டி?”

“எதுக்கும் இருக்கட்டும். பொதிகைல டிக்கெட்டு கெடைக்குதான்னும் பாத்து வச்சிருக்கேன்.”

நம்பிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டை முடித்துவிட்டு பேச்சிராஜ் மேஜையில் உட்கார்ந்தான். தனியாக உட்கார்ந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தெருவில் தனியாகச் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் கதவைத் தட்டுவார்கள். போன மாதம் விழுந்த இடியில் அவன் வீட்டு இணையப் பெட்டியின் வைஃபை செத்துப்போயிருந்தது. கேபிள்காரரிடம் கேட்டால், “இந்தா, வண்டில ஏறிட்டேன் தம்பி” என்பார். ஒரு மாதமாக அதே வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறார். அதனால் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து மடிக்கணினியில் சொருகி, மடிக்கணினியிலிருந்தே வைஃபையை வீசவிட்டிருந்தான். வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே. கடவுச்சொல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, பூ வியாபாரம் பார்க்கும் அடுத்த வீட்டு சங்கரேஸ்வரி அக்காவிடமிருந்து தினமும் ஒரு பந்து மல்லிகை வந்தது. எதிர்த்த தறிக்கூடத்து சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி ஞாயிறுதோறும் மட்டன் பிரியாணி அனுப்பினார். நெட்டுக்குக் கணக்குப் பார்த்துக் காசு வாங்குகிற நாகரிகம் எல்லாம் அங்கே இன்னும் வரவில்லை.

ஆகவே இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்னவோ பெரிதாகச் செய்கிறான் என்று தெரிந்ததும், பிரியாணித் தூக்கைத் திரும்ப வாங்க வந்த அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். நாரும் பூவுமாக அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி அனுப்பிய ஒரு பக்கத் தாளில் உள்ளபடி முதல் கமாண்டை அடித்தான். கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. அடித்தான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இங்கே அப்படித்தான், அடிப்பது கண்ணுக்குத் தெரியாது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“ஏ தம்பி, எழுத்தே விழ மாட்டேங்கு. கீபோர்டு போச்சா?”

“அது அப்படித்தான்க்கா. பாதுகாப்புக்கு.”

“யாருட்ட இருந்து பாதுகாப்பு? நாங்க ரெண்டு பேருதான இருக்கோம்.”

“நல்லா அமுக்கி அடிடே,” என்றார் அண்ணாச்சி. அவருக்குச் சாதாரணமாகப் பேச வராது. முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, காதில் ரகசியம் சொன்னாலும் கழுகுமலைக்குக் கேட்கும். “எங்க தறில குறுக்க ஓடுத நாடா சிக்குனா ஒரு மிதி மிதிப்போம். ஓடிரும்.”

ஒருவழியாக நிரல் கணினிக்குள் இறங்கியது. அடுத்தது சாவி. கம்பெனி அவனுக்கென்று அனுப்பிய ரகசியச் சாவி ஒரு கோப்பாக இருந்தது. அதை வைத்து இரண்டாவது கமாண்டை அடித்தான். நிரல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாவிக் கோப்பு இந்தக் கணினியில் எல்லாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது, இப்படிக் கிடக்கும் சாவியை நான் தொடமாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது.

“என்னங்குது?” என்றாள் அக்கா.

“சாவிய எல்லாரும் பாக்குத மாதிரி வச்சிருக்கேனாம்.”

“பாத்தா என்னவாம்? எங்க வீட்டுச் சாவி உன் வீட்டு ஜன்னல்லதான தொங்குது. உன் வீட்டுச் சாவி அண்ணாச்சி ஷெட்டுல கெடக்கு. என்ன களவா போயிட்டு?”

“பெரிய சீமைத்துரை வீட்டு மிசினு போலுக்கு,” என்றார் அண்ணாச்சி.

அதிகாரத்தைச் சுருக்குகிற கமாண்டைத் தேடிப் பிடித்து அடித்து, அந்தச் சாவியை அவன் ஒருத்தன் மட்டும் படிக்கிற மாதிரி ஆக்கினான். அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே ஒரே ஒரு ஆள் மட்டும் வைத்திருந்த சாவி அதுவாகத்தான் இருக்கும். நிரல் சமாதானமாகி, கடைசிக் கேள்விக்கு வந்தது.

கடைசிக் கேள்வி ஆறு இலக்க எண். போனில் கம்பெனிச் செயலியைத் திறந்தால் ஓர் எண் காட்டும். அரை நிமிடத்தில் அது மாறிவிடும். மாறுவதற்குள் அடிக்க வேண்டும். அண்ணாச்சி போனைக் கையில் வாங்கி, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தெருவுக்கே ஏலம் விடுகிற மாதிரி வாசித்தார்.

“ஏழூ! மூணூ! ஒம்பதூ! இது ஆறா எட்டாவே?... எட்டூ! எலே, எல்லாம் மாறிட்டுவே! மறுபடியும் மொதல்ல இருந்து. ரெண்டூ!”

போனைப் பிடுங்கி அவனே பார்த்து அடித்தான். எண் தவறு. மறுபடியும் அடித்தான். எண் தவறு. வேகமாக அடித்தான், நிதானமாக அடித்தான், சாமி பேரைச் சொல்லி அடித்தான். தவறு, தவறு, தவறு. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காலை நீட்டினால் நீலப் பை இடித்தது. அருண்குமாரின் குரல் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, ‘நம்ம எல்லாம் ஒரு ஃபேமிலி’ என்றது.

இசக்கிச்செல்வி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கேலி செய்தாலாவது தேவலை. ஒன்றும் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் நிற்கிறாள் என்றால் மனசுக்குள் ரயில் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அண்ணாச்சிக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. “வே, ஞாயித்துக்கெழம நாலரைக்கு மேல ராகுகாலம்லா! ராகுகாலத்துல உக்காந்துக்கிட்டு மெட்ராசு வரைக்கும் குழாய் போடுதேன்னா எப்படிவே வெளங்கும்? ஆறு மணி ஆவட்டும்.”

பேச்சிராஜுக்குச் சுருக்கென்றது. படித்தவனாயிற்றே. “கம்ப்யூட்டருக்கு ஏது அண்ணாச்சி ராகுகாலம்? சரி, அப்படியே வச்சாலும் ஆறு ஆயிட்டு. போனைப் பாருங்க. இப்பவும் அதே தப்புதான் சொல்லுது.”

“ஆறா? யாரு சொன்னா?” அண்ணாச்சி கைக்கடிகாரத்தை அவன் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினார். “இன்னும் பத்து நிமிசம் கெடக்கு. இது ரேடியோ நியூசப் பாத்து வச்ச கடியாரம். உன் போனு என்ன அவசரத்துல ஓடுது?”

“ஆமா, அது பத்து நிமிசம் முன்னாலதான் ஓடும்,” என்றாள் இசக்கிச்செல்வி. “நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்.”

பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்திய காலத்தில் ஒருமுறை இவன் எழும்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது பொதிகை எக்ஸ்பிரசின் கடைசிப் பெட்டி மட்டும் தெரிந்தது. அவள் தர்மபுரியிலிருந்து வந்து சங்கரன்கோவில் ஸ்டேஷனில் காத்துக்கிடந்தாள். லீவு முடிந்து அவள் திரும்பிப் போகிற வரைக்கும் இவன் முகத்தையே பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் போனில் கத்தியதில், கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவன்தான். ஊருக்கு வந்த பிறகும் மாற்றவில்லை.

பேச்சிராஜ் வாயைப் பிளந்தபடி போனைப் பார்த்தான். அந்த ஆறு இலக்க எண்ணைச் செயலி எதை வைத்துச் சமைக்கிறது? மணியை வைத்துத்தான். சென்னையில் இருக்கிற கம்ப்யூட்டர் ஐந்து ஐம்பதுக்கு உண்டான எண்ணைக் கேட்கிறது. இவன் ஆறு மணிக்கு உண்டானதைக் கொண்டுபோய் நீட்டுகிறான். இன்னும் வராத எண்ணை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

போனின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தான். அதற்குள் பழைய முயற்சிகளால் கோபித்துக்கொண்ட நிரல், கொஞ்ச நேரம் கழித்து வா என்று சொல்லிவிட்டது. காத்திருந்து, புது எண்ணைப் பார்த்து அடித்தான். கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடி நின்றன. கடைசி வரியில், இணைந்துவிட்டது என்றிருந்தது.

பேச்சிராஜ் எழுந்து நின்றான். தன் திறமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.

“ஆறு மணி தாண்டி ரெண்டு நிமிசம்! சொன்னேனா இல்லையா? ராகுகாலம் முடியவும் சவத்து மிசினு ஓடுதுவே!”

அன்று பொழுது சாய்வதற்குள், ராகுகாலம் முடிந்ததும் மெட்ராஸ் ஆபீசோடு கனெக்‌ஷன் கிடைத்த கதை தெரு முழுக்கப் பரவியது. பேச்சிராஜ் என்று ஒருத்தன் அந்தக் கதையில் இருந்தானா என்பதே சந்தேகம்.

இணைப்பைத் துண்டித்து மூடிவிட்டு, நீலப் பையைக் காலால் தள்ளினான். “இத மேல ஏத்திரலாம்லா?”

“நாளைக்குக் கழியட்டும்,” என்றாள் இசக்கிச்செல்வி.

திங்கட்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே இவன் குழாயைப் போட்டுவிட்டான். ஒரே தடவையில் இணைந்தது. காலைக் கூட்டத்தில் அருண்குமார், “லுக் அட் பேச்சிராஜ், கைஸ். ரிமோட் வில்லேஜ்ல இருந்து ஃபர்ஸ்ட் ஆளா கனெக்ட் ஆயிருக்கார்” என்றார். சங்கரன்கோவில் நகராட்சி, வில்லேஜ் இல்லை என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பாராட்டுகிற வாயை எதற்கு மூடுவது என்று விட்டுவிட்டான்.

அந்தச் சந்தோஷம் ஒரு டம்ளர் காபி ஆறுகிற வரைக்கும் இருந்தது.

புது எண்ணிலிருந்து கால் வந்தது. குரல் இஸ்திரி போட்டு மடித்த மாதிரி இருந்தது. “குட் மார்னிங் மிஸ்டர் பேச்சிராஜ். ஐ யாம் கபீர் ஃப்ரம் இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி. உங்க லேப்டாப்பை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு சந்தேகப்படுறோம்.”

“சார்?”

“உங்க கனெக்‌ஷன்ல வர்ற டிராஃபிக் நார்மலா இல்ல. ஒரே நேரத்துல மூணு சீரியல் சைட் ஓடுது. ஒரு கபடி சைட் ஓடுது. ஜாதகப் பொருத்தம் போகுது. கேரளா லாட்டரி ரிசல்ட் போகுது. ஒரு மனுஷன் இவ்வளவையும் ஒண்ணா பாக்க முடியாது.”

பேச்சிராஜ் கம்பெனி அனுப்பிய தாளை அவசரமாகப் பிரித்தான். தாளின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. பழைய குழாய் ஆபீஸ் சமாச்சாரத்தை மட்டும் கொண்டுபோகும். புதுக் குழாய் இந்தக் கணினி வழியாகப் போகிற எல்லாவற்றையும் கொண்டுபோகும். அதை நேற்றே படித்தான். ‘எம்மாடி, என்ன பாதுகாப்பு’ என்று பெருமைப்பட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்தான். அவனுடைய மடிக்கணினி வழியாகத்தான் தெருவே போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பெருமையில் ஞாபகம் வரவில்லை. இப்போது விசைத்தறித் தெரு மொத்தமும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்பெனி வாசல் வழியாக உலகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

“சார், அது ஹேக்கு இல்ல சார். அது... எங்க தெருக்காரங்க.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இஸ்திரி லேசாகக் கலைந்தது. “எந்த ஊரு நீங்க?”

“சங்கரன்கோவில் சார்.”

இஸ்திரி மொத்தமும் கலைந்தது. “அட, என்னவே! நான் கடையநல்லூருவே! மொதல்லயே சொல்லக் கூடாதா? காலைல இருந்து நாலு பேரு உன் லாப்டாப்பப் பாத்து ரஷ்யாக்காரன் கைவரிசைன்னு பயந்து கெடக்கோம்.”

“அண்ணே, காப்பாத்துங்கண்ணே.”

“ஊர்ப்பாசம்லாம் இருக்கட்டும். எனக்கு மேல ஆளு இருக்காக. மத்தியான மீட்டிங்குக்குள்ள இது சுத்தமாகலன்னா உன் அக்கவுண்ட லாக் பண்ணச் சொல்லிருவாக. லாக் ஆச்சுன்னா லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு நேர்ல வரணும். பொறவு வீட்டுல இருந்து வேலைங்கத மறந்துரு. என்ன, வெளங்குதா? அந்த வைஃபைய நிப்பாட்டு மொதல்ல. நான் லைன்லயே இருக்கேன்.”

நீலப் பை மேஜைக்குப் பக்கத்தில் வாயை லேசாகத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

பேச்சிராஜ் வைஃபையை நிறுத்தினான். ஒரே சொடுக்கு. கமாண்ட் லைனில் நேற்று அரை நாள் முக்கியவனுக்கு அந்தச் சொடுக்கு தேனாக இனித்தது. தேன் தொண்டையில் இறங்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஏ தம்பி, நெட்டு நின்னு போச்சு,” சங்கரேஸ்வரி அக்கா.

“வே பேச்சிராசூ! சுத்துதுவே! சுத்திக்கிட்டே கெடக்கு!” சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுத் தலைகள். எல்லார் கையிலும் போன். எல்லார் போனிலும் சொந்த டேட்டா உண்டு. பேச்சிராஜ் இருக்கும்போது சொந்த டேட்டாவைச் செலவழிப்பது அவனை அவமானப்படுத்துகிற மாதிரி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

“இனிமே குடுக்க முடியாது அண்ணாச்சி. ஆபீசுல சொல்லிட்டாங்க.”

“ஆபீசா? நெட்டு உன் வீட்டு நெட்டுதான?”

“நெட்டு என் வீட்டு நெட்டு. ஆனா நேத்துப் போட்டது ஆபீசுக் குழாய். இப்ப எல்லாம் அது வழியாத்தான் போவுது.”

“குழாய்னா தெருக்காரனுக்குத் தண்ணி வராதா? ஓ, அப்படியா சங்கதி!” அண்ணாச்சி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “தெருக் குழாய்ல மோட்டாரப் போட்டு மொத்தத்தையும் ஒருத்தன் உறிஞ்சுதாம்லா, அந்தப் பழக்கம் நெட்டுலயும் வந்துட்டுவே!”

அந்தத் தெருவில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. குழாயில் மோட்டார் போடுகிறவன் வீட்டில் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

“மல்லிகப்பூ மணத்துச்சோ நேத்து வரைக்கும்?” என்றாள் அக்கா.

“நான் அனுப்புன பிரியாணிக்கு இந்த மரியாதைதானா?” என்றார் அண்ணாச்சி.

பேச்சிராஜ் விளக்கிப் பார்த்தான். ரூட்டு என்றான், பாலிசி என்றான், காற்றில் கையால் வரைந்து காட்டினான். ஒரு தலைகூட ஆடவில்லை. மேஜையில் போன் இன்னும் லைனில் இருந்தது. கபீர், “எலே, என்ன அங்கன சந்தைச் சத்தம்? சோலிய முடிச்சியா?” என்று கத்துவது லேசாகக் கேட்டது. வைஃபையை மறுபடி போட்டுவிட்டால்தான் இவர்கள் போவார்கள் போலிருந்தது. கை மடிக்கணினி வரைக்கும் போய்விட்டது. கால் நீலப் பையில் தட்டியது.

ஆத்திரத்தில் சொல்லிவிட்டான். “நீங்க காலைல இருந்து போன்ல எங்கெங்க போனியளோ எல்லாம் மெட்ராசு ஆபீசுல தெரியுது அண்ணாச்சி! இந்தா, அங்க இருந்துதான் கேக்காக!”

தறிக்கூடத்தில் கரண்ட் போனால் ஒரு அமைதி வருமே, அது வந்தது.

முதலில் அண்ணாச்சியின் கை, தலையில் கட்டியிருந்த துண்டுக்குப் போனது. எந்நேரமும் கட்டியிருக்கும் துண்டு. “எல்லாமுமா?” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசியதைத் தெரு கேட்டது. “அது வந்து... முடி முளைக்கிறதுக்கு எண்ணெ காய்ச்சுத வீடியோ, அது நானாத் தேடலவே. தானா வந்துச்சு. பாதிதான் பாத்தேன்.”

யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“நானும் தோவாளைப் பூ மார்க்கெட்டு வெலயப் பாக்கணும்னு பாக்கல,” என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல். “பனவடலிச்சத்திரத்துத் தோட்டக்காரங்க எங்கிட்ட பூவ எறக்கும்போது, எனக்கு எங்க வெலயும் தெரியாதுன்னு சொல்லித்தான் கொறச்சு வாங்குதேன். தெரிஞ்சாலும் மறந்துருவேன்.”

பின்னாலிருந்து ஒருத்தர், லாட்டரி ரிசல்ட் தம்பி பார்த்தது என்றார். இன்னொருத்தர், பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கவில்லை, சும்மா ராசிபலன்தான் என்றார். ஆளாளுக்கு, கேட்காத கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிட்டுப் போனை மடியில் சொருகிக்கொண்டு நழுவினார்கள். அண்ணாச்சி கடைசியாகப் போனார். போகும்போது வாசலில் நின்று, மேஜையில் கிடந்த போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

இணையதளத்தின் பெயர் மட்டும்தான் கபீருக்குத் தெரியும். உள்ளே யார் என்ன பார்த்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. இது பேச்சிராஜுக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“ஏலே, சுத்தமாயிட்டு!” என்றார் கபீர் போனில். “ஒரு ஈ காக்கா இல்ல. என்ன மந்திரம்வே போட்ட?”

“ஒரு கமாண்ட் போட்டேன்ணே.”

“சரி, லாக் இல்ல. ‘பிரச்சினை தீர்க்கப்பட்டது’ன்னு போட்டுட்டேன். இன்னொரு வாட்டி சீரியல் ஓடுச்சு, ஊர்க்காரன்னு பாக்க மாட்டேன். எங்க வாப்பாட்ட இதச் சொன்னா ஒரு வாரம் சிரிப்பாக.” இஸ்திரிக் குரலை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு, “தேங்க் யூ மிஸ்டர் பேச்சிராஜ், ஹேவ் எ நைஸ் டே” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் இசக்கிச்செல்வி வருவதற்குள் கதை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்திருந்தது. வாசலிலேயே பூக்கடை போட்ட மாதிரி இருந்தது. ஒரு பந்துக்குப் பதில் இரண்டு பந்து மல்லிகை. திங்கட்கிழமை என்றும் பாராமல் பிரியாணித் தூக்கு வேறு. நெட் கொடுத்தபோது வந்ததைவிட, நெட்டை நிறுத்தியபோது கூடுதலாகவே வந்தது.

அவள் ஆஸ்பத்திரிப் பையை ஆணியில் மாட்டாமல், செருப்பைக் கழற்றாமல் நின்றாள். “ஏங்க, போன்ல பாத்ததெல்லாம் உங்க ஆபீசுக்குத் தெரியுமாமே?”

“யாரு சொன்னா?”

“தெருவே சொல்லுது. காலைல டூட்டிக்குப் போறதுக்கு முன்ன நான் பாத்ததும் தெரியுமா?”

“நீ என்ன பாத்த?”

அவள் சுவரைப் பார்த்தாள். “மியூச்சுவல் ட்ரான்ஸ்பர். சென்னைல இருந்து யாராவது இங்கன வரக் கேக்காங்களான்னு பாத்தேன். உங்க குழாய் உருப்படும்னு எனக்கு என்ன கேரண்டி? நீங்க அங்க போய் உக்காந்தா நானும் வந்துர வேண்டியதுதான்னு... திரும்பவும் பிளாட்பாரத்துல நிக்க என்னால முடியாது.”

அவ்வளவு தவம் கிடந்து வாங்கின சங்கரன்கோவில் போஸ்டிங்கை, ஒரு கறுப்புத் திரையை நம்பாமல், ஒரே காலையில் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறாள். பேச்சிராஜ் எழுந்துபோய் அவள் ஆஸ்பத்திரிப் பையை வாங்கி ஆணியில் மாட்டினான்.

“அதெல்லாம் யாருக்கும் தெரியாதுட்டி,” என்றான். “தளத்துப் பேரு மட்டுந்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது.”

“அப்போ தெருவுல சொன்னது?”

“அத அப்படியே விட்டுரு. யாருட்டயும் சொல்லிராத.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். பிறகு மல்லிகைப் பந்து ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். தூக்கைத் திறந்து மோந்து பார்த்தாள். “எலும்பெல்லாம் இல்ல, முழுசும் கறி. அண்ணாச்சிக்கு ரொம்பத்தான் பயம் போல.”

“வேலையும் போகல. வீட்டுலயே இருக்கலாம்னு சொல்லிட்டாக.”

“ம்.” அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் நேராகப் போய் ஸ்டூலை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த நீலப் பையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

பேச்சிராஜ் நாற்காலியில் சாய்ந்து, ஊரை ஒரு சொல்லில் அடக்கியவனின் மிதப்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன பாக்கிய? எந்திரிச்சு நீங்களே தூக்கி வைங்க,” என்றாள் இசக்கிச்செல்வி. “கமாண்ட் போட்டா அது மேல ஏறாது.”